வராத விளையாட்டின் வரலாறு: 'சோனிக் எக்ஸ்ட்ரீம்' பற்றிச் சில குறிப்புகள்

1

முடிக்கப்படாத படைப்பு என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தனிக் கிறக்கம் உண்டு. பாதியில் நின்றுபோன ஷூபர்ட்டின் சிம்பொனி, காஃப்கா முடிக்காமல் விட்டுச்சென்ற நாவல்கள், 1940இல் இறந்துபோன வால்டர் பெஞ்சமின் பாரிஸில் விட்டுவிட்டுப் போன குறிப்புக் கட்டுகள் - இவற்றைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகவே தணிந்துவிடுகிறது. 'முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்' என்கிற ஏக்கமே ஒரு அழகியலாகிவிடுகிறது. இந்த ஏக்கத்தின்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவர்கள், ஏன் முடியவில்லை என்று அநேகமாகக் கேட்பதில்லை. யார் நிறுத்தினார்கள்? நிறுத்தப்பட்டபோது அதைச் செய்துகொண்டிருந்த ஆட்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விகளுக்காக நான் எடுத்துக்கொள்ளும் பிரதி இலக்கியப் பிரதி அல்ல. 1994இலிருந்து 1996 வரை செய்யப்பட்டு, வெளிவராமலே போன ஒரு வீடியோ விளையாட்டு. 'அட, பொம்மை விளையாட்டு, இதுக்கெல்லாமா கட்டுரை' என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். இன்று உலக அளவில் வீடியோ விளையாட்டுத் துறையின் வருவாய் திரையரங்க வசூலைவிடப் பல மடங்கு பெரியது. இவ்வளவு பெரிய ஒரு பண்பாட்டு உற்பத்தியை 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கினால், அந்த உற்பத்தியில் ஈடுபட்டிருப்பவர்களின் உழைப்பும் சேர்ந்தே ஒதுங்கிப்போகும்.

2

மேடைக்கு மேடை தாவி, பள்ளம் தாண்டி, எதிரி தலையில் குதித்து முன்னேறும் ஆட்டவகையைப் 'பிளாட்ஃபார்ம்' விளையாட்டு என்கிறார்கள். இதில் நின்டென்டோ நிறுவனத்தின் மரியோ என்ற குழாய்ப் பணியாளர் உலகப் புகழ் பெற்றிருந்த வேளையில், அதற்குப் போட்டியாக ஜப்பானின் சேகா நிறுவனம் 1991இல் சோனிக் என்ற நீல முள்ளெலியைக் கொண்டுவந்தது. நிரல் எழுதியவர் யூஜி நாகா. உருவம் வரைந்தவர் நவோட்டோ ஓஷிமா. தளங்களை வடிவமைத்தவர் ஹிரோகாசு யாசுஹாரா. சோனிக்கின் கவர்ச்சி அதன் வேகம். மரியோ நின்று நிதானித்துக் குதிப்பார். சோனிக் சரிவில் உருண்டு, வளையத்தில் ஏறி, தலைகீழாகச் சுற்றி, இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். இதெல்லாம் தட்டையான, பக்கவாட்டில் நகரும் இருபரிமாண உலகத்தில் நடந்தது.

1990களின் நடுவில் தொழில்நுட்பம் முப்பரிமாணத்திற்குத் தாவியது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது முன்னால் என்ன வருகிறது என்பது ஆடுபவருக்குத் தெரியும். கேமரா பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் பாத்திரத்தின் உடலே பார்வையை மறைக்கிறது, சுற்றுப்புறம் குறுகிப்போகிறது. மெதுவாக நடக்கும் பாத்திரத்திற்கு இது பரவாயில்லை. வேகத்தையே தன் இருப்பாகக் கொண்ட ஒன்றுக்கு?

அமெரிக்காவிலிருந்த 'சேகா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்' என்ற பிரிவில் வேலை செய்த கிறிஸ் சென்னும் ஓஃபர் அலோனும் இதற்குக் கண்ட விடை அபாரமானது. அவர்கள் மீன்கண் வில்லையைப் போன்ற ஒரு பார்வைமுறையை உருவாக்கினார்கள். திரையின் நடுப்பகுதி புடைத்து, விளிம்புகள் வளைந்து, உலகம் முழுவதும் ஒரு கண்ணாடிக் குடத்துக்குள் இருப்பதுபோலத் தெரியும். அதனால் சுற்றிலும் அதிகத் தூரம் கண்ணுக்கு எட்டும். அதோடு இன்னொன்று: சோனிக் சுவரில் ஏறினால் சுவர் தரையாகிவிடும். உலகமே சுழன்று கொடுக்கும். மேல், கீழ் என்பவை நிலையான திசைகள் அல்ல, நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்ற ஒரு கற்பனை அதில் இருந்தது.

எஞ்சியிருக்கும் வடிவமொன்றை நான் கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பச்சைச் சதுரங்களால் ஆன நிலம் காலடியில் குமிழாக எழும்பி எழும்பி அடங்குகிறது. முரட்டு வேலைதான், ஆனாலும் குழந்தை வரைந்த கிரகத்தின்மேல் ஓடுவது போன்ற ஒரு குதூகலம் அதில் இருக்கிறது. சிறு கோளங்களைச் சுற்றி ஓடவிட்ட நின்டென்டோவின் 'சூப்பர் மரியோ கேலக்ஸி' 2007இல்தான் வந்தது. குழாய் வடிவத் தளங்கள் கொண்ட 'சோனிக் லாஸ்ட் வேர்ல்ட்' 2013இல் வந்தபோது பலரும் இந்தப் பழைய விளையாட்டை நினைவுகூர்ந்தார்கள். ஆக, இதன் சாத்தியம் பற்றிய பேச்சு வெறும் ரசிகப் புலம்பல் அல்ல.

3

இனி நடந்தது என்ன என்று பார்க்கலாம். தமிழ் முதுகலையில் எங்களுக்குப் பதிப்பியல் சொல்லிக்கொடுத்தபோது முதலில் சொன்னது, பாடபேதங்களைப் பாருங்கள் என்பது. ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களை ஒப்பிட்டுத்தான் ஒரு நூலின் வரலாற்றைக் கட்ட முடியும். 'சோனிக் எக்ஸ்ட்ரீ'முக்கும் இதையே பொருத்தலாம். ரசிகர்கள் அதை 'முடியாமல்போன ஒரு விளையாட்டு' என்கிறார்கள். அப்படி ஒரு மூலபாடமே கிடையாது. இருப்பவை அத்தனையும் பாடபேதங்கள்.

1994இல் அது சேகாவின் 16-பிட் கருவிக்கான யோசனையாகப் பிறந்தது. பிறகு, அந்தக் கருவியின்மேல் செருகும் '32எக்ஸ்' என்ற இணைப்புக்கு மாற்றப்பட்டது. அந்த இணைப்பு சந்தையில் விழுந்துவிட, 'சாட்டர்ன்' என்ற புதிய கருவிக்கு மாற்றப்பட்டது. திட்டத்தை முதலில் வழிநடத்திய மைக்கேல் கொசாக்கா 1995இல் விலகிப்போனார்; வடிவமைப்புப் பொறுப்பு சென்னிடம் வந்தது. சாட்டர்னோ, இரண்டு மையச் செயலிகளும் இரண்டு படச் செயலிகளும் கொண்ட சிக்கலான இயந்திரம். மற்றவர்கள் முக்கோணங்களால் உருவங்களைக் கட்டியபோது, இது நாற்கரங்களால் கட்டியது. அதற்கு நிரல் எழுதுவது எல்லோருக்கும் கைவந்த காரியமாக இல்லை.

குழுவும் இரண்டாகப் பிரிந்து வேலை செய்தது. சென்னும் அலோனும் முக்கியத் தளங்களைக் கணினியில் உருவாக்கினார்கள். அதைச் சாட்டர்னுக்கு மாற்றும் வேலை வெளி நிறுவனம் ஒன்றிடம் போனது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வரும் பெரிய எதிரியோடு மோதும் பகுதியைக் கிறிஸ்டினா காஃபின் நேரடியாகச் சாட்டர்னிலேயே எழுதினார்.

1996 மார்ச்சில் ஜப்பான் தலைமையகத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். வந்தவர் நிறுவனத் தலைவர் ஹயாவோ நகயாமா என்பது பெரும்பாலோர் சொல்வது. இல்லை, துணைத்தலைவர் இரிமாஜிரி என்று நினைவுகூர்பவரும் உண்டு. நினைவிலும் பாடபேதம்! வந்தவர் பார்த்தது, சாட்டர்னுக்கு மாற்றப்பட்டுத் திணறித் திணறி ஓடிய வடிவத்தை. கணினியில் நன்றாக ஓடிய புதிய வடிவத்தைக் காட்டுவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். காஃபினின் பகுதி பிடித்துப்போகவே, முழு விளையாட்டையும் அதன் அடிப்படையில் திரும்பச் செய்யச் சொன்னார். கெடு என்னவோ மாறவில்லை: அந்த வருடக் கிறிஸ்துமஸ் விற்பனை. அதற்கு அக்டோபரில் கைக்கு வந்தாக வேண்டும்.

ஒன்றரை வருடத்துக்கு மேல் செய்ததை ஏறக்குறைய ஏழே மாதத்தில் புதிதாகச் செய்வதென்றால் எப்படி? தயாரிப்பாளர் மைக் வாலிஸ், காஃபினின் சிறு குழுவை மற்றவர்களிடமிருந்து பிரித்து, பழைய அலுவலக இடத்தில் வைத்தார். அங்கே தினம் 16 முதல் 20 மணி நேரம் வேலை நடந்தது. காஃபின் அலுவலகத்திலேயே தங்கிவிட்டார். இடையில், நாகாவின் குழு ஜப்பானில் செய்துகொண்டிருந்த 'நைட்ஸ்' என்ற விளையாட்டின் நிரல்கள், மேலதிகாரி பெர்னி ஸ்டோலர் மூலமாக இவர்களுக்குக் கிடைத்தன. இரண்டு வாரம் அதைக் கற்று வேலை ஆரம்பித்த பின், பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்தினார்கள். தன் நிரலைத் தொட்டால் விலகிவிடுவேன் என்று நாகா மிரட்டியதாக இவர்கள் தரப்பு சொல்கிறது. அந்த நிரல் கிடைத்திருந்தாலும் இவர்களுக்குப் பயன்பட்டிருக்காது, எழுதப்பட்ட மொழியே வேறு என்பது 2022இல் நாகா சொன்ன பதில். எப்படியானாலும் அந்த இரண்டு வாரம் போனது போனதுதான்.

சென்னும் அலோனும் தங்கள் வடிவத்தைக் கணினி விளையாட்டாகவாவது வெளியிடலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். நிராகரிக்கப்பட்டது. அலோன் வேலையை விட்டுப் போனார். ஆகஸ்ட் வாக்கில் காஃபினுக்கு நிமோனியா கண்டது. சென்னும் கடுமையாக நோயுற்றார். ஆறு மாதம்தான் உயிரோடிருப்பார் என்று சொல்லுமளவுக்குப் போய், பிழைத்து வந்தார். செய்ய ஆளில்லை, கெடுவைப் பிடிக்க முடியாது என்று வாலிஸ் மேலே தெரிவித்தார். விளையாட்டு கைவிடப்பட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு, பழைய 16-பிட் கருவிக்காகச் செய்த வேறொரு சோனிக் விளையாட்டைச் சாட்டர்னுக்கு மாற்றிக் கடைக்கு அனுப்பினார்கள். முழு முப்பரிமாணத்தில் ஓடித் தாவும் சோனிக், 1998 டிசம்பரில், அடுத்த கருவியான 'டிரீம்காஸ்ட்'டில்தான் வந்தது. சாட்டர்னுக்கென்றே உருவான ஒரு முழுச் சோனிக் பிளாட்ஃபார்ம் விளையாட்டு கடைசிவரை வரவே இல்லை.

4

இந்தக் கதை ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. அதில் வில்லன்கள் தயாராக இருக்கிறார்கள். கோபக்காரத் தலைவர், பிடிவாதக்கார நிரலாளர், இருவரும் ஜப்பானியர். பாவப்பட்ட அமெரிக்கக் கலைஞர்கள் மறுபக்கம். எட்வர்ட் செய்த்தைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லாடலின் வாசனை உடனே தெரியும்: விளக்கமுடியாத கோபம் கொண்ட கீழைத்தேய எஜமானன், அவனால் நசுக்கப்படும் மேற்கத்தியச் சுதந்திரக் கற்பனை. இங்கே மூலதனத்தின் மையம் டோக்கியோ, கிளை கலிபோர்னியா. வழக்கமான படம் தலைகீழாகியிருக்கிறது. ஆனாலும் கதை சொல்லும் அதிகாரம் ஆங்கிலத்திடமே இருந்ததால் பழைய பிம்பங்கள் அப்படியே திரும்பி வந்துவிட்டன.

ஆள்களின் குணத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். 1995 மே 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வரவேண்டிய சாட்டர்ன் இன்றே விற்பனைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்று சேகா திடீரென அறிவித்தது. அதே கண்காட்சியில் சோனி தன் 'பிளேஸ்டேஷன்' விலை 299 டாலர் என்றது. நான்கு மாதம் முந்திக்கொண்டதால் போதிய விளையாட்டுகள் கைவசம் இல்லை. பல கடைக்காரர்களுக்கும் சரக்கு போகவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு சோனிக் உடனே தேவைப்பட்டது. அதாவது, சந்தையில் நிறுவனம் எடுத்த அவசர முடிவின் கடனை உழைப்பாளியின் தூக்கத்தில் வசூலித்தார்கள்.

ஒப்பிட ஒரு எதிர் உதாரணமும் உண்டு. நின்டென்டோ தன் புதிய கருவியை 1995இல் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுத் தள்ளிப்போட்டது. 1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் 'சூப்பர் மரியோ 64' விளையாட்டோடு வெளியிட்டது. அந்த விளையாட்டு முப்பரிமாணத்தில் நடமாடுவதற்கே ஒரு இலக்கணம் வகுத்தது. இதைப் பற்றி எழுதுபவர்கள் மியமோட்டோவின் மேதைமையைச் சொல்கிறார்கள். மேதைமை இருக்கட்டும். அவருக்குக் காலம் கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டாமா? கருவியும் அதன் கைப்பிடியும் விளையாட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வளர நேரம் இருந்தது. சென்னின் குழுவுக்குக் கிடைத்ததோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே காலடியில் மாறிக்கொண்டிருந்த தரை. மேதைமை என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு அவகாசம் என்பதை இலக்கியத்திலும் நாம் கணக்கெடுத்ததில்லை.

விளையாட்டுத் துறையில் கெடுவுக்கு முன்னான இந்த மிகையுழைப்புக்கு 'க்ரஞ்ச்' என்று பெயர். நொறுக்குவது. 2004இல், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரின் துணைவியான எரின் ஹாஃப்மன் பெயர் வெளியிடாமல் எழுதிய பகிரங்கக் கடிதம்தான் இதைப் பொதுப் பேச்சாக்கியது. மிகைநேர ஊதியம் கேட்டுத் தொடரப்பட்ட வழக்குகளில், ஓவியர்களுக்கும் நிரலாளர்களுக்கும் தலா சுமார் 1.5 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 2022 மே மாதம் ரேவன் சாஃப்ட்வேரின் சோதனைப் பிரிவுத் தொழிலாளர்கள் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். 1996இல் நோய்ப்பட்டவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவர்களை யாரும் சங்கிலியால் கட்டிவைக்கவில்லை. சோனிக் மேலிருந்த பிரியத்தால்தான் அலுவலகத்திலேயே படுத்தார்கள். கலை வேலையில் சுரண்டல் இப்படித்தான் நடக்கிறது. வேலையின் மீதுள்ள காதலே மேற்பார்வையாளனாக மாறிவிடுகிறது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இது புரியாமலிருக்காது. ஆனால் நாம் கைக்காசு போட்டு நடத்தினோம். லாபம் போய்ச் சேர ஒரு முதலாளி நமக்கு இருந்ததில்லை.

5

சரி, நிறுத்தப்பட்ட அந்த விளையாட்டு யாருடையது?

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்ற பார்த்தின் வாசகத்தையும், 'ஆசிரியன் என்றால் என்ன' என்ற ஃபூக்கோவின் 1969ஆம் ஆண்டு உரையையும் வைத்துக்கொண்டு தமிழில் எவ்வளவோ சண்டை போட்டாச்சு. அமெரிக்கச் சட்டம் இந்த விவாதத்திற்கெல்லாம் அப்பால் ஒரு விடை வைத்திருக்கிறது. 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு 'ஆசிரியர்' அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமே. உரிமையாளர் என்றல்ல, ஆசிரியர் என்றே சொல்கிறது. சென்னும் அலோனும் காஃபினும் சட்டத்தின் கண்ணில் எழுதாதவர்கள். பார்த் கொன்ற ஆசிரியன் ஒரு முதலாளித்துவப் பிம்பம் என்றால், இவர்கள் இறப்பதற்குக்கூட வாய்ப்பில்லாதவர்கள். ஆசிரியர்களாகப் பிறக்கவே இல்லை.

அப்படிப்பட்ட 'ஆசிரியர்' தன் படைப்பை என்ன செய்தார்? வெளியிடவும் இல்லை, முடிக்க இன்னொருவரிடம் கொடுக்கவும் இல்லை. நமக்குத் தெரிந்த அளவாவது தெரிய வந்தது வேறு வழியாக. மிக ஆரம்பகாலச் சோதனை வடிவம் ஒன்று 2006இல் 2,500 டாலருக்கு ஏலம் போனது. ரசிகர்கள் கூடிப் பணம் திரட்டி அதை வாங்க, 2007 ஜூலையில் அது எல்லோர் கைக்கும் வந்தது. சென் தன்னிடமிருந்த வரைபடங்களையும் குறிப்புகளையும் பொதுவில் வைத்தார். 2015இல் ரசிகர்கள் மூலநிரலைப் பெற்று, ஓடக்கூடிய வடிவம் ஒன்றைக் கட்டினார்கள். சுவடி தேடி அலைந்து, ஒப்பிட்டு, சிதைந்த இடத்தைக் குறித்து வைத்துப் பதிப்பித்தவர்களின் காரியம்தான் இது. வேறுபாடு என்னவென்றால், இவர்கள் செய்தது சட்டப்படி இன்னொருவர் சொத்தைக் கையாள்வது.

வெளிவராத விளையாட்டின் கதி இது என்றால் வெளிவந்தவை மட்டும் வாழ்கின்றனவா? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆய்வாளர்கள் இவற்றை நூலகங்கள் வழியாகத் தொலைவிலிருந்து பயன்படுத்த விலக்கு கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. முப்பது வருடத்துக்குள்ளாகவே ஒரு பண்பாட்டு வடிவத்தின் பெரும்பகுதி சட்டப்படி எட்டாததாகிவிட்டது. காகிதத்தைக் கரையான் அரிக்கலாம். இங்கே அரிப்பது உரிமைப் பத்திரம்.

6

ஆரம்பத்தில் சொன்ன கிறக்கத்திற்கு வருகிறேன். 'சோனிக் எக்ஸ்ட்ரீம் வந்திருந்தால் சாட்டர்ன் பிழைத்திருக்கும்' என்பது ரசிகர்களின் பிரியமான வாக்கியம். சாட்டர்ன் உலகம் முழுவதும் விற்றது சுமார் 92 லட்சம். பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. 2001இல் சேகா கருவி செய்வதையே நிறுத்தியது. இந்தப் பள்ளத்தை ஒரு முள்ளெலி தனியாகத் தாண்டியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அதைவிட முக்கியம், அந்த வாக்கியம் 'சாத்தியம்' என்பதை நிறுவனத்தின் வெற்றியாக மட்டுமே அளக்கிறது.

முடிந்த சரக்கு தன் உழைப்பை மறைத்துக்கொள்ளும் என்பது மார்க்ஸ் சொன்ன பழைய பாடம். மரியோவின் வழுக்கும் ஓட்டத்தில் யாருடைய ராத்திரியும் தெரியாது. முடியாத இந்தப் பிரதியிலோ தையல் எல்லாம் வெளியே தெரிகிறது: இரண்டு குழு செய்த இரண்டு விதமான உலகம், வெளியாரிடம் மாற்றக் கொடுத்ததால் வந்த திணறல், எடுத்துவிட்டுக் கைவிட்ட இரண்டு வாரம், நோய். ஆகவே முடிக்கப்படாத பிரதியை அழகான சிதிலமாக ரசிப்பதைவிட, வேலைத்தலத்தின் ஆவணமாக வாசிப்பதே பயனுள்ளது என்று நினைக்கிறேன். அதன் சாத்தியம் அந்தக் குறுந்தகட்டில் இருந்ததில்லை. புடைத்த உலகத்தைக் கற்பனை செய்த மூளைகளிலும், இருபது மணி நேரம் விசைப்பலகையைத் தட்டிய விரல்களிலும் இருந்தது. வீணானது விளையாட்டு மட்டுமல்ல. அவகாசம் கொடுத்திருந்தால் போதும் என்ற எளிய உண்மையை இன்றும் எந்த வெளியீட்டு அட்டவணையும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.